புலம்பெயர்ந்த பின் தொழில் மாற்றமும் மறுபயிற்சிச் செலவும்: நெல்லைச் சீமையிலிருந்து வரும் கேள்விகள்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து வெளிநாடு சென்று குடியேறியவர்களும், அவர்களுக்காக இங்கே அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. பெரும்பாலோர் கனடாவைப் பற்றியே கேட்பதால் அந்த நாட்டுக்கான பதில்கள் நீண்டும் மற்றவை சுருங்கியும் இருக்கின்றன. தொகைகளும் விதிகளும் மாறக்கூடியவை. விண்ணப்பம் போடும் நாளில் அந்தந்த அரசு இணையதளத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வது அவசியம்.

மகன் இங்கே மெக்கானிக்கல் பொறியாளர். கனடா போய் ஓராண்டாகக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறான். எந்தப் படிப்பில் சேரச் சொல்வது?

படிப்பைத் தேடும் வேலையைக் கடைசியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவர் போக விரும்பும் தொழிலுக்கு அங்கே உரிமம் வேண்டுமா வேண்டாமா என்பதுதான் முதலில் தெரிந்தாக வேண்டும். மருத்துவர், நர்ஸ், மருந்தாளுநர், பள்ளி ஆசிரியர், பொறியாளர், எலெக்ட்ரீஷியன் ஆகியோருக்கு உரிமம் கட்டாயம். அதை வழங்குவது மத்திய அரசு அல்ல, அந்தந்த மாகாணத்தின் ஒழுங்குமுறை அமைப்பு. மென்பொருள், கொள்முதல், தரக்கட்டுப்பாடு, பராமரிப்புத் திட்டமிடல், விற்பனை போன்ற வேலைகளுக்கு உரிமம் கிடையாது. அங்கே பட்டத்தின் மதிப்பை முடிவு செய்பவர் வேலை கொடுப்பவர்தான்.

பொறியாளர்களிடம் ஒரு தவறான எண்ணம் வேரூன்றியிருக்கிறது. கனடாவில் மறுபடி ஒரு டிப்ளமோவாவது படிக்காமல் எவரும் வேலை தரமாட்டார்கள் என்று நம்பி, வந்த முதலாண்டிலேயே இரண்டாண்டுப் படிப்புக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். ஒன்ராறியோவில் பொறியாளர் உரிமம் தரும் பி.இ.ஓ. அமைப்பு 48 மாதப் பொறியியல் பணி அனுபவம் கேட்கிறது. அதில் ஓராண்டு கனடாவில் பெற்றதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2023 மே மாதம் நீக்கிவிட்டது. ஆகவே கூடங்குளத்திலோ, மகேந்திரகிரியிலோ, சங்கர் நகர் சிமென்ட் ஆலையிலோ செய்த வேலை எழுத்தில் நிரூபிக்கப்படுமானால் கணக்கில் சேரும். பட்டம் ஏற்கப்பட்ட பிறகு மீதமிருப்பது தொழில்நெறித் தேர்வும் அனுபவத்தை விவரிக்கும் அறிக்கையும்தான். உரிமம் கைக்கு வரும்வரை 'இன்ஜினியர்' என்ற பட்டப்பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாதே தவிர, உரிமம் பெற்ற ஒருவரின் பொறுப்பில் அதே வேலையைச் செய்வதற்குத் தடையில்லை.

இன்னொரு மாற்றமும் உண்டு. 25 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் ஒன்ராறியோ நிறுவனங்கள் வெளிப்படையாக வெளியிடும் வேலை அறிவிப்புகளில் 'கனடிய அனுபவம் தேவை' என்று போடுவது 2026 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. அறிவிப்பில் இல்லாதது நேர்காணல் செய்பவரின் மனத்தில் இருக்காது என்று யாரும் உறுதி சொல்ல முடியாதுதான். ஆனால் அந்த ஒரு வரியைப் பார்த்து விண்ணப்பிக்காமலேயே ஒதுங்கியவர்கள் இனி ஒதுங்க வேண்டியதில்லை.

முழுப் படிப்பையும் மறுபடி படிப்பது பணமும் காலமும் மிகுந்தவர்களுக்கே கட்டுப்படியாகும். குறை எங்கே என்று எழுத்தில் தெரிந்துகொண்டு அந்தக் குறைக்கு மட்டும் பணம் கட்டுவதையே நான் எல்லோருக்கும் சொல்லிவருகிறேன். கீழேயுள்ள பதில்களும் அதையொட்டியே அமைந்தவை.

சான்றிதழ் மதிப்பீட்டுக்கு டிரான்ஸ்கிரிப்ட் கேட்கிறார்கள். அதை எங்கே வாங்குவது?

கனடா குடியேற்ற விண்ணப்பத்துக்கு, நம் பட்டத்தை அந்நாட்டுப் படிப்போடு ஒப்பிட்டுச் சொல்லும் 'வெஸ்' போன்ற நிறுவனத்தின் மதிப்பீடு தேவை. அது குடியேற்றத்துக்கு ஐந்தாண்டுகள் செல்லும். டிரான்ஸ்கிரிப்ட் எனப்படும் மதிப்பெண் விவரங்களை நாமே அனுப்பினால் ஏற்கமாட்டார்கள். பல்கலைக்கழகம் முத்திரையிட்ட உறையில் அனுப்ப வேண்டும். எந்தப் பல்கலைக்கழகம் என்பதில்தான் நம் பகுதிக்காரர்கள் அலைகிறார்கள். மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது 1990-ல். அதற்கு முன்பு பாளையங்கோட்டையிலோ நெல்லை டவுனிலோ பட்டம் பெற்றவர் அபிஷேகப்பட்டியிலுள்ள அதன் வளாகத்தில் போய் நின்றால் மதுரைக்குப் போகச் சொல்வார்கள், ஏனெனில் அக்காலத்தில் நம் கல்லூரிகள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன.

பொறியியல் பட்டதாரிகளின் கதை இதைவிடச் சுற்றுவழி. 1990-களில் இப்பகுதிப் பொறியியல் கல்லூரிகள் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 2001-க்குப் பின் அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போயின. 2007-ல் திருநெல்வேலிக்கென்று தனியாக ஓர் அண்ணா பல்கலைக்கழகம் உருவாகி, 2012-ல் மீண்டும் சென்னையோடு இணைக்கப்பட்டது. அந்த இடைக்காலத்தில் படித்தவரின் பட்டத்தில் இன்று தனியாக இல்லாத ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும். அவர் சென்னை கிண்டியிலுள்ள அண்ணா பல்கலைக்கழகத்துக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். மதிப்பீட்டு விண்ணப்பத்தோடு இந்த இணைப்பைப் பற்றி ஒரு குறிப்பு எழுதி அனுப்பினால் பின்னால் வரும் கேள்விக் கடிதங்கள் குறையும். தன்னாட்சிக் கல்லூரியில் படித்தவர்களுக்கு மதிப்பெண் பட்டியலைக் கல்லூரியும் பட்டத்தைப் பல்கலைக்கழகமும் கொடுத்திருப்பதால் இரண்டு இடத்திலும் கேட்டுவிடுவது நல்லது.

மதிப்பெண் பட்டியலில் முதலெழுத்து மட்டும் இருக்கிறது, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது. இது பெரிய சிக்கலா?

சிறியதாகத் தோன்றினாலும் மாதக்கணக்கில் காலத்தை விழுங்கக்கூடியது. பட்டத்தில் 'எம். இசக்கியம்மாள்' என்றும், பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் குடும்பப் பெயராகவும், திருமணத்துக்குப் பின் புதுப்பித்த பாஸ்போர்ட்டில் கணவர் பெயராகவும் இருக்கும் பெண்ணை மூன்று வெவ்வேறு ஆட்களாகவே வெளிநாட்டு அலுவலகம் பார்க்கிறது. போதாக்குறைக்கு ஆங்கிலத்தில் 'இசக்கி' என்பதைப் பள்ளி ஒருவிதமாகவும் கல்லூரி வேறுவிதமாகவும் எழுதியிருக்கும். இந்த எல்லாப் பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன்னிலையில் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி, பிறப்புச் சான்று, பத்தாம் வகுப்புச் சான்று, திருமணப் பதிவுச் சான்று ஆகியவற்றின் நகலோடு எல்லா விண்ணப்பங்களிலும் ஒரேமாதிரி இணைக்க வேண்டும். ஒரு விண்ணப்பத்தில் ஒரு வரிசையிலும் மற்றொன்றில் வேறு வரிசையிலும் பெயர் எழுதுவதே பெரும்பாலான தாமதங்களுக்குக் காரணம். பெயரே மாறியிருந்தால் அரசிதழில் வெளியிட்ட நகலும் வேண்டும்.

மருமகள் பி.எஸ்சி. நர்சிங். அங்கே போய் பி.எஸ்.டபிள்யூ. படிப்பு படித்தால் நர்ஸ் ஆகிவிடலாம் என்கிறார்களே?

ஆக முடியாது. பி.எஸ்.டபிள்யூ. என்பது முதியோரையும் நோயாளிகளையும் பராமரிக்கும் உதவியாளர் பணி. மதிப்புள்ள பணி, உடனடி வருமானம் தரும் பணி, ஆனால் பதிவுபெற்ற நர்ஸ் உரிமத்தின் பாதையில் அது ஒரு படியாகக் கணக்கில் வராது. ஏற்கெனவே நான்காண்டு நர்சிங் படித்தவர் அதற்காகத் தனியார் கல்லூரியில் ஆயிரக்கணக்கான டாலர் கட்டுவதை நான் ஆதரிப்பதில்லை.

நர்ஸ் உரிமத்துக்குத் தேவையானவை படிப்புச் சான்று, இங்குள்ள கவுன்சிலின் பதிவு உறுதிப்படுத்தல், வேலை செய்த மருத்துவமனைகளின் சான்று, ஆங்கிலத் தேர்வு, அதன்பின் 'என்கிளெக்ஸ்' எனப்படும் நர்ஸ் உரிமத் தேர்வு. அந்தத் தேர்வு கனடாவில் 2015 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தியாவிலுள்ள மையங்களிலேயே எழுதிவிடலாம். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் படித்தவர்களுக்குப் பட்டம் தருவது டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் என்பதால் டிரான்ஸ்கிரிப்டுக்கும், தமிழ்நாடு நர்ஸ்கள் கவுன்சிலின் சான்றுக்கும் சென்னைக்குத்தான் போக வேண்டும். பதிவைப் புதுப்பிக்காமல் விட்டவர்கள் முதலில் அதை முடித்தாக வேண்டும். பழைய மருத்துவமனையில் சான்று கேட்டால் 'அப்போதிருந்த மேட்ரன் ஓய்வுபெற்றுவிட்டார்' என்ற பதில் வருவது வழக்கம். வேலையை விடும் நாளிலேயே பணிக்காலம், வார்டு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பவை குறிப்பிட்ட கடிதத்தை வாங்கிவைத்தவர்கள் பிழைத்தார்கள்.

மாகாணத் தேர்வும் முக்கியம். நோவா ஸ்கோஷியா 2023-ல் இந்தியா உள்ளிட்ட சில நாடுகளில் பதிவுபெற்ற நர்ஸ்களுக்கு விரைவுப் பாதை ஒன்றைத் திறந்தது. மற்ற மாகாணங்களும் அதற்குப் பின் விதிகளைத் தளர்த்தியிருக்கின்றன. ஒரு மாகாணத்தில் உரிமம் பெற்றவர் வேறு மாகாணத்துக்கு மாறுவது புதிதாக விண்ணப்பிப்பதைவிட எளிது. உறவினர் எல்லாரும் டொராண்டோவில் இருக்கிறார்கள் என்பதற்காக அங்கேயே காத்திருப்பதைவிட, உரிமம் முதலில் கிடைக்கும் இடத்தில் இரண்டாண்டு வேலை செய்துவிட்டு வருவது பல குடும்பங்களுக்குப் பொருந்தும்.

பேட்டை ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படித்தவருக்கு ஏதாவது வழி உண்டா?

பட்டதாரிகளைவிடத் தெளிவான வழி இவர்களுக்குத்தான் இருக்கிறது, ஆனால் கேட்பவர்கள் குறைவு. ஒன்ராறியோவில் கட்டிட எலெக்ட்ரீஷியன் ஆவதற்கு 9,000 மணி நேரப் பயிற்சி தேவை. அதில் பெரும்பகுதி சம்பளத்தோடு வேலை செய்துகொண்டே கற்பது. ஊரில் பல்லாண்டு வேலை செய்தவர் அந்த மணி நேரத்தை முழுதும் மறுபடி கழிக்க வேண்டியதில்லை. தம் அனுபவத்தை ஆவணங்களோடு 'ஸ்கில்ட் டிரேட்ஸ் ஒன்டாரியோ' அமைப்பிடம் சமர்ப்பித்து, அது போதுமானதென்று ஏற்கப்பட்டால் நேராகத் தகுதித் தேர்வை எழுதலாம். தேர்வில் அந்நாட்டு மின்விதிநூலிலிருந்து கேள்விகள் வரும். நம்மூர் 230 வோல்ட் வழக்கத்தில் கை பழகியவர், வீட்டு இணைப்பில் 120-ம் 240-ம் சேர்ந்து வரும் முறையைப் படித்துத்தான் ஆக வேண்டும். படிக்க வேண்டிய குறை இதுவே. அப்ரன்டிஸாகச் சேர்பவர் வகுப்பறைப் பயிற்சிக்குச் செல்லும் ஒவ்வொரு காலத்துக்கும் 4,000 டாலர் வரை மத்திய அரசிடம் வட்டியில்லாக் கடன் பெறலாம், சில குறிப்பிட்ட தொழில்களுக்கு மட்டும்.

பணகுடி, ராதாபுரம், கயத்தாறு பகுதிகளில் காற்றாலைக் கோபுரம் ஏறிப் பழகிய மெக்கானிக்குகளுக்குத் தேவை பெரும்பாலும் ஜி.டபிள்யூ.ஓ. என்ற உலகக் காற்றாலை அமைப்பின் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சிதான். உயரத்தில் வேலை செய்தல், முதலுதவி, தீத்தடுப்பு, பாரம் தூக்குதல் ஆகியவை அதில் அடங்கும். கடலில் நிற்கும் காற்றாலைகளுக்குப் போகிறவர்கள் நீரில் உயிர்தப்பும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்தச் சான்று இரண்டாண்டுக்கே செல்லும். ஆகவே விசா வரும் முன்பே அவசரப்பட்டு முடித்துவிட வேண்டாம்.

சரி, படிப்பு தேவைதான் என்று முடிவாகிவிட்டது. பணம் எங்கிருந்து வரும்?

கையில் இருப்பது எந்த விசா என்பதைப் பொறுத்தே எல்லாம். கனடாவில் நிரந்தரக் குடியிருப்பு உரிமை, அதாவது பி.ஆர்., கிடைத்த பிறகு சேர்ந்தால் உள்ளூர்க் கட்டணம். மாணவர் விசாவிலோ வேலை அனுமதியிலோ இருப்பவருக்குப் பொதுவாக வெளிநாட்டு மாணவர் கட்டணம், அது பல மடங்கு. பி.ஆர். இன்னும் சில மாதங்களில் வந்துவிடும் என்றிருப்பவர் ஒரு பருவம் பொறுத்தால் மிச்சமாகும் தொகை, எந்த உதவித்தொகையைவிடவும் பெரியது.

பி.ஆர். உள்ளவர் மாகாண அரசின் மாணவர் உதவிக்கு விண்ணப்பிக்கலாம். ஒன்ராறியோவில் அதன் பெயர் ஓசாப். குடும்ப வருமானம் குறைவாக இருந்தால் ஒரு பகுதி திருப்பிக் கட்ட வேண்டாத மானியமாகவும் மீதி கடனாகவும் வரும். மத்திய அரசின் பங்குக்கு 2023 ஏப்ரல் 1 முதல் வட்டியே கிடையாது. ஒன்ராறியோவின் பங்குக்கு வட்டி உண்டு. படிப்பு முடிந்து ஆறு மாதத்துக்குப் பின் தவணை தொடங்கும். தனிநபராக இருந்து ஆண்டு வருமானம் 40,000 டாலருக்குக் கீழே இருந்தால், விண்ணப்பித்து அந்தத் தவணையையும் நிறுத்திவைக்கலாம். நம் மக்கள் கடன் என்றதும் கந்துவட்டியை நினைத்துக்கொண்டு இதைத் தொடாமலிருந்து, அதிக வட்டிக்கு கிரெடிட் கார்டைத் தேய்த்துப் படிக்கிறார்கள். இது எனக்கு விளங்கவே மாட்டாத கணக்கு.

ஓசாப் போன்றவை கல்லூரிப் படிப்புக்கே பொருந்தும். உரிமத் தேர்வுக் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம், பயிற்சிப் புத்தகம், தேர்வுக்குப் படிக்கும் மாதங்களின் வீட்டுவாடகை ஆகியவற்றுக்கு 'விண்ட்மில் மைக்ரோலெண்டிங்' என்ற தொண்டு நிறுவனம் கடன் தருகிறது. வெளிநாட்டில் படித்துக் கனடாவில் குடியேறிய தொழில்முறைப் பணியாளர்களுக்காகவே ஏற்பட்டது அது. கனடாவில் கடன் வரலாறு இல்லாதவரும் கேட்கலாம். தொகை 15,000 டாலர் வரை. நர்ஸ், மருந்தாளுநர், பல் மருத்துவர் போன்ற உரிமத் தொழில் உள்ளவர்கள் முதலில் தட்ட வேண்டிய கதவு இதுதான் என்பது என் எண்ணம்.

சில ஆண்டுகள் வேலை செய்தவர்களுக்கு இன்னும் இரண்டு வழிகள் உண்டு. 26 வயது நிறைந்து, ஓரளவு சம்பாதித்து, வரிக்கணக்கைத் தவறாமல் தாக்கல் செய்பவருக்கு 'கனடா டிரெயினிங் கிரெடிட்' என்ற பெயரில் ஆண்டுக்கு 250 டாலர் சேர்ந்துகொண்டே போகும். வாழ்நாள் உச்சம் 5,000. கட்டணம் கட்டும் ஆண்டில் அதில் பாதித் தொகை வரை இதிலிருந்து திரும்பப் பெறலாம். அடுத்தது, ஓய்வூதியச் சேமிப்பான ஆர்.ஆர்.எஸ்.பி.யிலிருந்து முழுநேரப் படிப்புக்காக ஆண்டுக்கு 10,000, மொத்தம் 20,000 டாலர் வரை வரியின்றி எடுத்து, பத்தாண்டில் திருப்பிப் போடலாம். வேலை பறிபோனவர்களுக்கு ஒன்ராறியோவில் பயிற்சிச் செலவுக்கு உதவும் 'பெட்டர் ஜாப்ஸ்' திட்டம் இருக்கிறது. பறிபோன வேலை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் கேட்டுப் பார்க்கலாம். இவற்றுக்கெல்லாம் முன்னால், இலவச ஆங்கில வகுப்பான 'லிங்க்'கில் சேர பி.ஆர். அட்டை போதும்.

பிசான நெல் அறுத்த கையோடு வயலை விலைபேசிவிடலாமா? அல்லது இங்கே வங்கியில் கல்விக்கடன் வாங்கி அனுப்பலாமா?

இரண்டும் கடைசி வழியாகவே இருக்கட்டும். இந்திய வங்கிக் கல்விக்கடனில் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்பார்கள். தாமிரபரணிப் பாசன நஞ்சையை வைத்திருந்தாலும் விவசாய நிலத்தைப் பெரும்பாலான வங்கிகள் பிணையாக ஏற்பதில்லை. வீடு அல்லது அங்கீகரிக்கப்பட்ட மனை, அதற்கு மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் வேண்டும். கூட்டுக் கடன்தாரர் பெற்றோர். அங்கே தவணை தவறினால் இங்கே ஓய்வூதியம் வாங்கும் தந்தையின் சிபில் மதிப்பெண் விழும்.

பெற்றோர் சொந்தப் பணத்தை அனுப்ப ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் ஒருவருக்கு ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுமதி உண்டு. ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு வங்கி டி.சி.எஸ். என்ற முன்வரியைப் பிடிக்கும், வங்கிக் கல்விக்கடனாகச் செல்லும் பணத்துக்கு அது இல்லை. பிடித்த தொகையை வருமான வரிக் கணக்கில் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்றாலும், அதுவரை கையிலிருந்து போனது போனதுதான்.

மகன் பி.ஆர். பெற்றவராக இருந்து, அங்கே வட்டியில்லாக் கடனுக்கே தகுதியிருக்கும்போது, இங்கே வட்டிக்கு வாங்குவதில் பொருளில்லை. வயலை விற்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: 'அங்குள்ள உதவிக்கு விண்ணப்பித்து, அது எழுத்தில் மறுக்கப்பட்டதா?' பல நேரங்களில் விண்ணப்பித்திருக்கவே மாட்டார்கள்.

கணவன், மனைவி இருவருமே தொழில் மாற வேண்டும். யார் முதலில் படிப்பது?

எவருடைய குறை சிறியதோ அவர். எவருடைய சம்பளம் அதிகமோ அவர் அல்ல. ஆறு மாதத்தில் உரிமம் பெறக்கூடிய மனைவி முதலில் முடித்துவிட்டால், அவருடைய சம்பளத்தில் கணவர் இரண்டாண்டு படிக்க முடியும். இதைத் திருப்பிப் போட்டால் இரண்டாண்டும் கிடங்குச் சம்பளத்தில் இழுக்க வேண்டும். நம் குடும்பங்களில் ஆண் முதலில் 'செட்டில்' ஆகட்டும் என்று பெரியவர்கள் இங்கிருந்து முடிவு செய்வதும், நர்சிங் படித்த பெண் பல ஆண்டு வீட்டிலிருந்து அனுபவம் பழசாகிப்போவதும் நடக்கின்றன. சமீபத்திய பணி அனுபவத்தைக் கேட்கும் தொழில்களில் அந்த இழப்பை ஈடுகட்டுவது கடினம்.

குழந்தைகள் இருந்தால் வேறொன்றையும் கவனிக்கலாம். கனடாவின் குழந்தை நிதி ஒவ்வொரு ஜூலையிலும் முந்தைய ஆண்டுக் குடும்ப வருமானத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஒருவர் வேலையை விட்டுப் படிக்கும் ஆண்டில் வருமானம் குறைவதால் அடுத்த ஜூலை முதல் அந்த நிதி கூடும். வருமானமே இல்லாதவரும் வரிக்கணக்குத் தாக்கல் செய்திருந்தால்தான் இது நடக்கும்.

ஆஸ்திரேலியா, பிரிட்டன், ஜெர்மனிக்கும் இதே பதில்தானா?

இல்லை. ஆஸ்திரேலியாவில் பி.ஆர். பெற்றவருக்கு அரசு மானியக் கட்டணத்தில் பல்கலைக்கழக இடம் கிடைக்கலாம், ஆனால் கட்டணத்தைப் பின்னால் கட்டும் ஹெல்ப் கடன் பொதுவாகக் குடியுரிமை பெற்றவர்களுக்கே. பி.ஆர். மட்டும் உள்ளவர் பருவம் தொடங்கும்போதே பணம் வைக்க வேண்டும். ஆகவே நீண்ட படிப்பு படிக்க நினைப்பவர் குடியுரிமைக்குக் காத்திருப்பதும், அதுவரை டேஃப் எனப்படும் அரசுத் தொழிற்கல்வி நிலையங்களின் குறுகிய படிப்புகளைப் பார்ப்பதும் சரி. புதிதாகக் குடியேறியவருக்குப் படிப்புக்கால உதவித்தொகை பெற நான்காண்டுக் காத்திருப்பும் உண்டு.

பிரிட்டனில் ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருப்பவருக்கு அரசு உதவி எதுவும் கிடையாது. படிக்கத் தடையில்லை, வேறு தொழிலுக்கு மாறத்தான் புதிய ஸ்பான்சரும் புதிய விண்ணப்பமும் வேண்டும். நிரந்தர உரிமையும் மூன்றாண்டு வசிப்பும் இருந்தால் மாணவர் கடன் கேட்கலாம். நர்ஸ்களுக்கு மட்டும் நிலைமை இலகுவானது: கணினித் தேர்வை இந்தியாவில் எழுதி, செய்முறைத் தேர்வை அங்கே எழுதுவார்கள், அதற்கான செலவைப் பல மருத்துவமனைகளே ஏற்கின்றன.

ஜெர்மனியில் செலவு பணமல்ல, மொழி. நர்ஸ் உரிமத்துக்கு பி2 நிலை (மொழித்தேர்வின் ஆறு படிகளில் நான்காவது) ஜெர்மன் வேண்டும். படிப்பை ஒப்பிட்டுப் பார்த்துக் குறைகளைப் பட்டியலிட்டு ஒரு கடிதம் தருவார்கள். அந்தக் குறையை மருத்துவமனையிலேயே சம்பளத்தோடு பயிற்சி பெற்றோ, ஒரு தேர்வு எழுதியோ தீர்க்கலாம். குறையை எழுத்தில் தருவதில் ஜெர்மானியர்களை மிஞ்ச ஆளில்லை என்பது என் எண்ணம். ஆவுஸ்பில்டுங் எனப்படும் தொழிற்பயிற்சியில் சேர்பவருக்கு மாதாமாதம் ஊதியமும் உண்டு. மொழி வகுப்பை ஊரிலிருக்கும்போதே முடிப்பதுதான் மலிவு.

துபாயில் இருக்கிறேன். அங்கிருந்தே தொழில் மாற முடியுமா?

வளைகுடாவில் விசா வேலையோடு கட்டப்பட்டது, பயிற்சிக்கென்று அரசு உதவியை எதிர்பார்க்க முடியாது. மேலப்பாளையம், கடையநல்லூர்க்காரர்களுக்கு நான் சொல்வது, வேலையில் இருக்கும்போதே சர்வதேசச் சான்றிதழ்களை நிறுவனச் செலவில் வாங்கிக்கொள்ளுங்கள், வேலையை விடும்போது அனுபவச் சான்றை முழு விவரத்தோடு கேட்டு வாங்குங்கள் என்பதே. அடுத்து எந்த நாட்டுக்குப் போனாலும் அந்தக் காகிதம் பேசும்.

வண்ணாரப்பேட்டையில் ஒரு ஏஜென்ட், படிப்பும் வேலையும் சேர்த்து உறுதி என்கிறார். நம்பலாமா?

வேலை உறுதி என்று எழுதிக் கொடுக்கக் கேளுங்கள். பெரும்பாலும் அத்தோடு பேச்சு முடிந்துவிடும். கனடா குடியேற்ற ஆலோசனைக்குப் பணம் வாங்குபவர் 2021 முதல் செயல்படும், 'காலேஜ்' என்ற பெயர்கொண்ட குடியேற்ற ஆலோசகர் ஒழுங்குமுறை அமைப்பிலோ, வழக்கறிஞர் அமைப்பிலோ பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் பெயரை அதன் பட்டியலில் நாமே தேடலாம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவருக்கு இந்திய அரசின் உரிமம் வேண்டும், இமைக்ரேட் தளத்தில் அதைச் சரிபார்க்கலாம். வேலை ஆணையைக் காசுக்கு விற்பது கனடாவில் சட்டவிரோதம். தமிழக அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் சென்னையில் இருக்கிறது, அதைக் கேட்பதற்குக் காசு வேண்டாம்.

எனக்கு 46 வயது. இனியும் படிப்பது பயன் தருமா?

மேற்சொன்ன உதவிகளில் மாணவர் கடனுக்கு வயது வரம்பு கிடையாது, பயிற்சிக்கான வரிச் சலுகை 65 வரை உண்டு. ஆகவே தகுதி ஒரு தடையல்ல, கணக்குதான் கேள்வி. இரண்டாண்டுப் படிப்பும் அதன்பின் கீழ்நிலையிலிருந்து தொடக்கமும் என்றால் முழுச் சம்பளத்துக்கு வருவதற்குள் 50-ஐத் தாண்டிவிடும். அந்தப் பாதையை நான் பரிந்துரைப்பதில்லை. ஆறு மாதத்துக்குள் முடியும் உரிமத் தேர்வோ, பழைய அனுபவத்தை அப்படியே கொண்டுபோகும் பக்கத்துத் தொழிலோ இருந்தால் போகலாம். பள்ளி ஆசிரியராக இருந்தவர் உரிமத்துக்குப் போராடுவதை விட்டுக் குழந்தைகள் பராமரிப்பு மையத்தில் உதவியாளராகச் சேர்ந்து, வேலை செய்துகொண்டே பகுதிநேரமாக அதற்குரிய டிப்ளமோவை முடிப்பது ஒன்று. வங்கியில் இருந்தவர் கணக்குப் பிரிவிலும் வரிக்கணக்குக் காலத்து வேலையிலும் நுழைவது இன்னொன்று. எதுவானாலும் கட்டணம் கட்டுவதற்கு முன், அந்தப் படிப்பை முடித்து அந்த ஊரிலேயே வேலையில் இருக்கும் இருவரிடமாவது பேசிவிட வேண்டும். படிப்பை விற்கும் கல்லூரியிடம் கேட்பது அதற்கு ஈடாகாது.